பக்கம் திறக்கிறது, பொத்தான் அசையவில்லை

ஐப்பசி கடைசி வாரத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வெளியே அடைமழை. உள்ளே சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால், விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இன்னொரு முறை அழுத்தினாலும் நடக்காது.

"என்ன தம்பி ஆச்சு?"

"சர்வர் டவுன் மாமா. நாளைக்கு வாங்க."

பன்னிரண்டு வருடமாக இப்படி ஒரு மையத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில வருடங்களில் இந்தப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யென்று தெரிந்து சொன்னதில்லை. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் அதுதான். சர்வர் உண்மையிலேயே படுத்துவிட்டால் பக்கமே வராது, அல்லது சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பிழை எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கம் வரும். பக்கம் நன்றாக வந்து பொத்தான் மட்டும் அசையவில்லை என்றால், வட்டம் தேர்ந்தெடுத்த பிறகும் கிராமப் பட்டியல் காலியாக இருந்தால், பணம் கட்டித் திரும்பியதும் மறுபடி லாகின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால், அங்கே சர்வர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அந்தத் தளமும், அதை நாம் திறக்கும் குரோம், ஃபயர்பாக்ஸ் மாதிரியான நம் பிரவுசரும் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை. முதலாவதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவதைக் கால்மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். முத்துப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவரை நாளைக்கு வரச் சொல்வதற்கு முன்னால் இது எந்த வகை என்று பார்ப்பது நம் கடமை.

ஒரு இணையப் பக்கம் என்பது படம் மாதிரி அப்படியே வந்து இறங்குவது கிடையாது. சர்வர் அனுப்புவது வெறும் கட்டளைகள்: இந்த இடத்தில் இந்தப் பெட்டி, இந்தப் பொத்தானைத் தொட்டால் இந்த வேலை. அவற்றைப் படித்துப் பக்கமாகக் கட்டுவது பிரவுசருக்குள் இருக்கும் இன்ஜின். இன்று புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக மூன்று. குரோம், எட்ஜ், ஓப்பரா ஆகியவற்றுக்குள் இருப்பது பிளிங்க். ஃபயர்பாக்ஸுக்குக் கெக்கோ. ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட். ஆகவே குரோமில் ஒரு தளம் வரவில்லை என்று எட்ஜில் திறந்து பார்ப்பது பல நேரம் ஒரே இன்ஜினிடம் இரண்டு தடவை கேட்பதுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸில் பாருங்கள்.

இந்தச் சிக்கலின் வேர் 2001-ல் இருக்கிறது. அந்த வருடம் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 அடுத்த சில ஆண்டுகளில் உலகத்தின் கணினிகளில் மிகப் பெரும்பான்மையைப் பிடித்துக்கொண்டது. தளம் கட்டுபவர்கள் பொதுத் தரத்தைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு அந்த ஒரு பிரவுசரைப் பார்த்து எழுதினார்கள். 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பார்க்கவும்' என்ற வரி பக்கத்தின் அடியில் இருக்கும். அதற்கென்றே ஆக்டிவ்எக்ஸ் என்ற சிறு நிரல்கள் வேறு. பக்கத்திலிருந்து இறங்கி விண்டோஸுக்குள்ளேயே புகுந்து வேலை செய்பவை. டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதிலிருந்து ஸ்கேனரை இயக்குவது வரை அவற்றால் முடிந்தது. தென்கொரியாவில் வங்கி, அரசுச் சேவை எல்லாமே பல ஆண்டுகள் ஆக்டிவ்எக்ஸ் மேல் நின்றன. உலகமே வேறு பிரவுசருக்கு மாறிய பிறகும் அந்த நாட்டு மக்கள் பணம் அனுப்ப இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறக்க வேண்டியிருந்தது.

நமக்கு இன்னொரு கதையும் உண்டு, அது எழுத்துரு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண்களைக் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்தபோதுதான் லதா எழுத்துருவோடு அந்தத் தமிழை மைக்ரோசாஃப்ட் கணினி காட்டியது. அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்கூடப் பல கணினிகளில் உள்ளமைப்புக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைச் சேர்த்தால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். அதனால் ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி. யாருடைய எழுத்துருவும் மற்றவருடையதோடு ஒத்துப்போகாது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதி இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு விதமாகவும், நெட்ஸ்கேப் என்ற அந்தக் காலப் பிரவுசருக்கு வேறு விதமாகவும் இருந்தது. 2003 வாக்கில், கும்பகோணத்தில் படித்த காலத்தில், ஒரு பிரவுசிங் சென்டரில் மொஸில்லா என்ற பிரவுசரில் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தது நினைவிருக்கிறது. தலைப்பு முழுக்க ரோமன் எழுத்துகள், மேலே கொம்பும் புள்ளியும் முளைத்த எழுத்துகள். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. அதே பக்கம் அடுத்த கணினியில், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், தெளிவான தமிழ். தமிழ் படிக்க வேண்டுமென்றால் இந்தப் பிரவுசர்தான் என்று நாங்கள் பழகியது அப்படித்தான்.

2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அந்தப் பழைய குழப்பம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. இன்றும் அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த முகவரியை வெட்டி எடுத்து ஆன்லைன் படிவத்தில் ஒட்டுகிறார்கள். ஒட்டியதும் அது குப்பையாக மாறுகிறது. 'தளம் தமிழை ஏற்கவில்லை' என்று புகார் வருகிறது. தளத்தின் மேல் தப்பில்லை. ஒட்டியது பார்வைக்கு மட்டும் தமிழ். உள்ளே அது ரோமன் குறியீடு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஒட்டினால் சரியாகிவிடும்.

ஆனால் தளத்தின் தப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெயர்ப் பெட்டியில் 'எழுத்துகள் மட்டும்' என்று ஒரு காவலை வைக்கிறார்கள். யூனிகோட் கணக்கில் க, ட, ம போன்றவைதான் 'எழுத்து' வகை. புள்ளியும், காலும், கொம்பும், சுழியும் 'குறி' என்ற தனி வகை. தளத்தின் நிரலை எழுதியவர் எழுத்து வகையை மட்டும் அனுமதித்திருந்தால் 'கமல' என்று எழுதினால் உள்ளே போகும், 'கமலா' என்றால் போகாது. நீளக் கணக்கும் இப்படித்தான். 'மன்னார்குடி' நமக்கு ஆறு எழுத்து. கணினி எண்ணினால் பதினொன்று. இருபது எழுத்துதான் என்று அளவு வைத்த பெட்டியில் 'திருத்துறைப்பூண்டி' என்று எழுதி ஒரு கமா போட்டு மேலே எழுதப் பார்த்தால் இடம் தீர்ந்துவிடும். இதற்கு நம் பக்கத்தில் மருந்து கிடையாது. தமிழில் கேட்கவில்லையென்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், சுருக்குங்கள், அப்புறம் அந்தத் துறைக்கு எழுதிப் போடுங்கள். அரசுத் தளங்களுக்கு 2009-லிருந்தே ஒரு வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது. பல பிரவுசர்களில் சோதிக்க வேண்டும், வட்டார மொழி எழுத்துருக்களையும் சோதிக்க வேண்டும் என்பது அதிலேயே உள்ள விஷயம். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

சரி, பிரவுசர்ப் பக்கம் வருவோம். ஒரு தளம் தன்னைத் திறப்பது எந்தப் பிரவுசர் என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் பிரவுசர் தன் பெயரைச் சொல்லி ஒரு வரி அனுப்பும். யூசர் ஏஜென்ட் என்பார்கள். தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் தன்னை 'மொஸில்லா' என்று சொல்லிக்கொண்டது. நல்ல பக்கங்களை மொஸில்லா என்ற பெயருக்கு மட்டும் அனுப்பும் வழக்கம் தளங்களிடம் வந்தது. அதனால் பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொஸில்லா என்றே சொன்னது. சஃபாரி சொன்னது, குரோமும் சொன்னது. இன்றைக்கும் உங்கள் கைப்பேசியில் உள்ள குரோம் அனுப்பும் வரி 'மொஸில்லா/5.0' என்றுதான் தொடங்கும். ஓப்பரா தன் பத்தாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து '1' என்று எடுத்துக்கொண்டன. பிரவுசர் பழசு என்று விரட்டின. ஓப்பரா கடைசியில் அந்த வரியில் 9.80 என்று எழுதி, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் வைத்தது. 2022-ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் நூறாம் பதிப்பைத் தொட்டபோதும் இதே பயம் வந்து, முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளிமையானது. 'உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை' என்று ஒரு தளம் சொன்னால், அது உங்கள் பிரவுசரால் முடியுமா என்று சோதித்துவிட்டுச் சொல்வதாக இருக்காமல் வெறும் பெயரைப் பார்த்துச் சொல்வதாகவும் இருக்கலாம். பெயரை மாற்றிச் சொன்னால் பல தளங்கள் கதவைத் திறந்துவிடும். கைப்பேசியில் குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் இருக்கும் 'டெஸ்க்டாப் தளம்' என்பது இதைத்தான் செய்கிறது. தன்னை ஒரு லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) கணினி என்று அறிமுகம் செய்துகொள்கிறது. கணினியில் எஃப்12 அழுத்தி வரும் கருவிப் பகுதியிலேயே யூசர் ஏஜென்ட்டை மாற்ற வழி இருக்கிறது. இதற்கென்று நீட்சிகளும், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களும் கிடைக்கும். ஆனால் நீட்சி போடுமுன் அது கேட்கும் அனுமதியைப் படியுங்கள். 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்க, மாற்ற' என்று கேட்டால், ஊராருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஓடும் ஒரு மையத்துக் கணினியில் அதைப் போடாதீர்கள்.

பெயர் மாற்றினால் தீராத சிக்கல்களும் உண்டு. தளம் கேட்கும் வசதியே பிரவுசரில் இல்லாமல் போயிருக்கும். குரோம் 2015 செப்டம்பரில் ஜாவா ஆப்லெட் போன்ற பழைய பிளக்இன்களை (பிரவுசருக்குள் ஓடும் துணை நிரல்களை) முற்றிலும் விட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் தவிர மற்றவற்றை விட்டது. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள். இவை போனது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று, பக்கத்தின் மேல் சின்னதாக ஒரு பெட்டியைத் திறந்து, அதில் தேர்ந்தெடுத்ததைக் கீழே உள்ள படிவத்தில் நிரப்பும் ஒரு பழைய கட்டளை. சர்வே எண் தேர்வு, கிளைத் தேர்வு என்று அந்தக் காலப் படிவங்களில் இது நிறைய. குரோம் அதை 2014-லும், ஃபயர்பாக்ஸ் 2017-லும் நீக்கின. அந்தக் கட்டளையை நம்பிய பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் சத்தமே இருக்காது. பிழைச் செய்தி எஃப்12 கருவிப் பகுதியில் கன்சோல் என்ற தாவலில் சிவப்பு எழுத்தில் கிடக்கும். நாம் அங்கே பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட தளத்துக்குத்தான் எட்ஜின் ஐஇ மோடு, அதாவது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோடு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றது. ஆனால் அதன் இன்ஜின் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, எட்ஜ் அதை ஒரு தாவலுக்குள் எழுப்பும். குறைந்தது 2029 வரை இந்த வசதி இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜின் அமைப்புகளில் இயல்புநிலை பிரவுசர் என்ற பகுதிக்குப் போனால், தளங்களை ஐஇ மோடில் மீண்டும் ஏற்ற அனுமதிக்கவா என்று ஒரு வரி இருக்கும். அனுமதி கொடுத்து எட்ஜை மூடித் திறங்கள். அதே இடத்தில் கீழே உள்ள பட்டியலில் அந்தத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். இனி அந்தப் பக்கம் பழைய இன்ஜினில் வரும், முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் பழைய நீல நிற 'இ' தெரியும். சேர்த்த முகவரி முப்பது நாளில் காலாவதியாகும். மறுபடி சேர்க்க வேண்டும். இது விண்டோஸில் மட்டும்.

இதில் முகவரியை முழுதாகக் கொடுக்க வேண்டும், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும். ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நாம் அந்த வயலின் மடையைத் திறக்கிறோம். ஆற்றின் கரையை வெட்டுவதில்லை. பிரவுசரிலும் அதே கணக்குதான். ஒரு பழைய தளத்துக்காகப் பாதுகாப்பு அளவை மொத்தமாக இறக்குவது, பழைய பிரவுசரை எங்கிருந்தோ இறக்கி எல்லா வேலைக்கும் பயன்படுத்துவது, ஆன்டிவைரஸை நிறுத்திவைப்பது, இவையெல்லாம் கரையை வெட்டும் வேலை. ஐஇ மோடையே வழியாக வைத்துக் கணினிக்குள் புகுந்த தாக்குதல்கள் 2025-ல் வெளிவந்தன. அதற்கப்புறம் மைக்ரோசாஃப்ட் அதைச் சட்டென்று திறக்கும் பொத்தான்களை எடுத்துவிட்டு, அமைப்புகளுக்குப் போய்த் தளத்தைச் சேர்த்தால்தான் வேலை செய்யும்படி மாற்றியது. தெரியாத தளம் ஒன்று 'ஐஇ மோடில் திறங்கள்' என்று தானாகச் சொன்னால் அதைச் செய்யவே கூடாது.

இப்போது எங்கள் மையத்தில் அதிகம் கண்ணீர் வரவைத்த சிக்கலுக்கு வருகிறேன். படிவம் நிரப்பி, பணம் கட்டும் பக்கத்துக்குப் போய், ஓடிபி போட்டு, கணக்கிலிருந்து பணமும் பிடித்தாகிவிட்டது. திரும்பி வந்தால் 'அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழைக' என்று நிற்கிறது. ரசீது இல்லை. "தம்பி, காசு போயிடுச்சே" என்று எதிரில் இருப்பவர் கேட்கும்போது என்ன சொல்வது? ஒரே தளம், ஒரே கணினி. என்னோடு வேலை செய்யும் பெண் செய்தால் ரசீது வருகிறது, புதிதாகச் சேர்ந்த பையன் செய்தால் வருவதில்லை. அவன் கைராசி என்றுகூட ஒருவர் சொன்னார்.

காரணம் குக்கீ. லாகின் ஆனதும் தளம் ஒரு சிறு அடையாளச் சீட்டை நம் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அதைக் காட்டும். பணம் கட்டுவது வேறு தளம். அங்கிருந்து திரும்பும்போது அந்த வேறு தளம் நம்மை முதல் தளத்துக்குத் தள்ளிவிடுகிறது. வேறு தளத்திலிருந்து வரும் இப்படிப்பட்ட தள்ளலில் சீட்டைக் காட்டினால் திருட்டுத் தளங்கள் அதைத் தப்பாகப் பயன்படுத்தலாம் என்பதால், 2020 பிப்ரவரியில் குரோம் 80 இதற்குக் கட்டுப்பாடு போட்டது. சீட்டில் 'வேறு தளத்திலிருந்து வந்தாலும் காட்டலாம்' என்று தளமே எழுதியிருந்தால்தான் காட்டும். கொரோனா நேரத்தில் முக்கியத் தளங்கள் உடைந்துவிடக் கூடாதென்று ஏப்ரலில் அதை நிறுத்திவைத்து, ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். தங்கள் சீட்டில் அந்த ஒரு சொல்லைச் சேர்க்காத தளங்கள் அன்றைக்குத் தடுமாறின.

பழைய தளங்கள் ஒரேயடியாக உடையக் கூடாதென்று குரோம் ஒரு சலுகையும் வைத்தது. அப்படி எதுவும் எழுதாத சீட்டு, கொடுக்கப்பட்டு இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால், தள்ளலிலும் காட்டும். அந்தப் பெண் வேகமாகத் தட்டச்சு செய்பவர். பையன் நிதானமாகச் செய்பவன். மழைக்காலத்தில் டவர் சரியில்லாமல் ஓடிபி தாமதமாக வந்தால் யார் செய்தாலும் இரண்டு நிமிடம் தாண்டிவிடும். அவ்வளவுதான் கைராசி.

செய்ய வேண்டியது என்ன? தளத்தைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அதை நடத்துபவர்கள். அதுவரை, இந்த வகைத் தளத்துக்கு ஃபயர்பாக்ஸ் நல்ல மாற்று. இந்தக் கட்டுப்பாடு அதில் இயல்பாகவே போடப்பட்டிருக்கவில்லை, அதனால் திரும்பி வரும்போது சீட்டு கூடவே வரும். முக்கியமாக, ரசீது வரவில்லையென்று உடனே இரண்டாம் முறை பணம் கட்டாதீர்கள். மறுபடி உள்நுழைந்து பரிவர்த்தனை நிலவரம் பாருங்கள். பல தளங்களுக்கு வங்கியிடமிருந்து தனி வழியில் செய்தி வந்து சேர்ந்திருக்கும். பரிவர்த்தனை எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பக்கத்தைக் குரோம் தானாகத் தமிழாக்கித் தருவது நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய உதவி. நானே பெரியவர்களுக்கு அதைக் காட்டிக் கொடுப்பேன். ஆனால் அது பக்கத்துக்குள் புகுந்து ஒவ்வொரு சொற்றொடரையும் எடுத்துவிட்டுப் புதிய துண்டுகளை ஒட்டுகிறது. ரியாக்ட் போன்ற புதிய முறையில் கட்டிய தளம், தான் வைத்த துண்டு தான் வைத்த இடத்தில் இருக்கிறது என்று நம்பித்தான் அடுத்த மாற்றத்தைச் செய்யும். அங்கே அது இல்லையென்றதும் பக்கம் அப்படியே வெள்ளையாகிவிடும், அல்லது பொத்தான் உறைந்துபோகும். வெகு நாள் எனக்கு இது பிடிபடவில்லை. வீட்டுக் கைப்பேசியில் முயன்று தோற்றவர்கள் மையத்துக்கு வந்தால் சரியாக வரும். ஏனென்றால் மையத்துக் கணினியில் மொழிபெயர்ப்பு நிறுத்தியிருக்கும். படிப்பதற்குத் தமிழாக்கம் போடுங்கள். நிரப்பும்போது மூலப் பக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

பழைய கணினிகளின் விஷயம் தனி. 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அண்ணன் வாங்கியது, தங்கை படித்தது, இப்போது அப்பா கொள்முதல் நிலையப் பதிவுக்குத் திறப்பது. அவற்றில் விண்டோஸ் 7 உள்ளவற்றுக்குக் குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து விண்டோஸ் 10 வேண்டும். புதிய தளங்கள் எதிர்பார்க்கும் கட்டளைகள் 109-க்குத் தெரியாமல் போவது வருடத்துக்கு வருடம் கூடும். ஃபயர்பாக்ஸின் 115 நீடித்த ஆதரவுப் பதிப்பு அந்த இயங்குதளத்தில் ஓடும். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களை, ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொஸில்லா நிறுவனம் பல முறை நீட்டித்தது. கணினியே கொஞ்சம் திடமாக இருந்தால் லினக்ஸ் போட்டுவிடுவது இன்னும் நல்லது. இன்றைய பிரவுசர் அதில் ஓடும்.

பழைய கணினிகளில் வரும் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கைக்குப் பல காரணம் உண்டு. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கஜா புயலுக்கப்புறம் வேதாரண்யம் பக்கத்திலிருந்து பழுது பார்க்க வந்த கணினிகள் சிலவற்றில் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்கவில்லை. பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததில் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொண்டது. தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது.

தேதி சரியென்றால் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். எந்தச் சான்றிதழ் நிறுவனத்தை நம்பலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் உண்டு. 2021 செப்டம்பர் 30-ல் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) காலாவதியாகி, பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் தடுமாறின. ஃபயர்பாக்ஸ் விண்டோஸின் பட்டியலை நம்பாமல் தன் பட்டியலைத் தானே கொண்டுவருவதால் பழைய கணினியிலும் பிழைத்துக்கொள்ளும். அதே காரணத்தால் எதிர்மாறாகவும் நடக்கும். இந்திய அரசின் மூலச் சான்றிதழ் விண்டோஸின் பட்டியலில் இருந்தது, ஃபயர்பாக்ஸின் பட்டியலில் இல்லை. அதனால் ஒரு காலத்தில் சில அரசுத் தளங்கள் விண்டோஸின் பட்டியலை நம்பும் பிரவுசரில் திறந்தன, ஃபயர்பாக்ஸில் எச்சரிக்கை காட்டின. 2014 ஜூலையில் அந்த மூலத்தின் கீழ் கூகுள் தளங்களுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது தெரியவந்தபோது, பிரவுசர்கள் இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பது புரிந்தது. தேதி சரி, பிரவுசரும் புதுசு, அப்படியும் எச்சரிக்கை வருகிறது என்றால், அதைத் தாண்டிப் போய் ஆதாரோ ஓடிபியோ போடாதீர்கள். அங்கே காத்திருப்பதுதான் சரி.

விரல்ரேகைக் கருவி வேறொரு ரகம். ஆதார் சரிபார்க்கும் அந்தக் கருவியோடு பிரவுசர் நேராகப் பேசுவதில்லை. கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு சிறு சேவையோடு பேசுகிறது. அது 11100-லிருந்து 11120 வரை எண்ணிட்ட வாசல்களில் (போர்ட் என்பார்கள்) ஒன்றில் காத்திருக்கும். அந்தச் சேவை நின்றிருந்தாலோ, பிரவுசர் உள்கணினியோடு பேச அனுமதி கேட்டபோது அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தாலோ, கருவியில் விளக்கு எரியும், ரேகை போகாது. குரோமின் புதிய பதிப்புகள் இந்த அனுமதியைத் தனியாகக் கேட்கின்றன. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தைத் தொட்டால் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதிகள் தெரியும், மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனையும் தெரிந்திருந்தாலும் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எங்கே தொடங்குவது என்ற கேள்வி வரும். நான் முதலில் தனிப்பட்ட சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறப்பேன். அதில் பழைய குக்கீயும் தேங்கிய கோப்பும் இல்லை, நீட்சிகளும் பெரும்பாலும் ஓடாது. அங்கே வேலை செய்தால் குற்றம் நம் பிரவுசரில் தேங்கியதில் இருக்கிறது; அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழித்தால் போதும். வேலை செய்யவில்லையென்றால் அடுத்து ஃபயர்பாக்ஸ். அங்கேயும் இல்லையென்றால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் பாப்-அப் தடுத்த குறி இருக்கிறதா என்று ஒரு பார்வை, எஃப்12-ல் சிவப்பு வரிகள் என்ன சொல்கின்றன என்று ஒரு பார்வை. பக்கத்தின் முகமே இருபது வருடப் பழசாகத் தெரிந்தால் ஐஇ மோடு. இதற்கெல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பிரவுசர் செய்பவர்களும் இந்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:காம்பாட்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். எந்தெந்தத் தளத்துக்கு என்னென்ன ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலே வரும். 2018-ல், பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழிக்கு ஒரு புதிய கட்டளை சேர்க்கப் போனார்கள். அதற்கு வைத்த பெயர் பழைய தளங்கள் பல பயன்படுத்திய மூடூல்ஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்போடு மோதியது. பழைய தளங்கள் உடையக் கூடாதென்று, புதிய கட்டளையின் பெயரையே மாற்றினார்கள். ஃபயர்பாக்ஸின் பட்டியலில் 'உடைந்த தளத்தைப் புகாரளி' என்ற வசதி இருக்கிறது. நம் ஊர்த் தளங்களைப் பற்றி நாம்தான் அதில் எழுத வேண்டும்.

தளத்தை நடத்தும் துறைக்கு எழுதும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்தப் பிரவுசர், அதன் பதிப்பு எண், விண்டோஸ் எது, எத்தனை மணிக்கு, கன்சோலில் வந்த சிவப்பு வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட். படம் அனுப்பும் முன் ஆதார் எண்ணையும் பெயரையும் மறைத்துவிடுங்கள். அப்புறம் வேறொரு பிரவுசரில் அது வேலை செய்ததா என்பதையும் எழுதுங்கள். தேடவேண்டிய இடத்தை அதுவே பாதியாகக் குறைத்துவிடும்.

எங்கள் மையத்தில் மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு தளம். இந்தத் தளத்துக்குப் பாப்-அப் அனுமதி வேண்டும்; இதற்குப் பணம் கட்டும் வேலை என்றால் ஃபயர்பாக்ஸ்; இதில் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதவும்; இது ஐஇ மோடு, சேர்த்த தேதி இன்னது. புதிதாகச் சேர்ந்த பையனிடம் அந்த நோட்டைத்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு முறை எழுதிப் போட்ட பிறகு, ரசீது வராத அந்தத் தளத்தில் போன குறுவையின்போது கோளாறு தீர்ந்திருந்தது. பையன் நிதானமாகத் தட்டச்சு செய்து, ஓடிபிக்கு நான்கு நிமிடம் காத்திருந்து, குரோமிலேயே ரசீதை எடுத்தான். நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதிவைத்தான்.